பழைய கான்கிரீட் வீட்டை வெயிலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் ஏற்றபடி புதுப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டு நகரங்களில் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) அல்லது அதற்கும் குறைவான மனை. நடுவில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு சதுர அடியில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மேலே தட்டையான கான்கிரீட் தளம். சுற்றிலும் மூன்றடி, நான்கடிச் சந்து. அந்தச் சந்து முழுக்க சிமெண்ட் தரை. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கம்பி அடைப்பு. சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனல் காற்றையே கீழே தள்ளுகிறது.

இந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அடித்தளமும் சுவரும் உறுதியாக இருந்தால் இடிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெயிலை எங்கே தடுப்பது, காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுவது, மழைநீர் எங்கே இறங்குவது ஆகிய மூன்றையும் சரிசெய்தால் அதே சுவர்களுக்குள் வேறொரு வீடு கிடைக்கும். தொட்டிச் செடிகளும் சுவரில் ஒட்டும் செயற்கைப் புல்லும் இந்த மூன்றையும் செய்யாது. ஒரு கிரவுண்டு மனையில் ஒரு குடும்பம் வாழும் இத்தகைய வீட்டை மனதில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். வேலை செய்யும் வரிசை முக்கியம், அதைப் பத்தாம் பகுதியில் கொடுத்திருக்கிறேன்; மாற்றிச் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவாகும்.

1. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வீட்டைக் கவனியுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. செலவே இல்லாதது, ஆனால் பெரும்பாலோர் தவிர்ப்பதும் இதைத்தான். கோடையில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எந்தச் சுவர் அப்போதும் சூடாக இருக்கிறதோ அதுதான் முதல் எதிரி. அநேகமாக அது மேற்குச் சுவராகவே இருக்கும். பிறகு கையை உயர்த்தி, லாஃப்ட்டுக்கு மேலே தளத்தின் அடிப்பகுதியைத் தொடுங்கள். அது சுவரைவிடவும் சூடாக இருக்கும்.

காற்றைப் பார்க்க ஊதுபத்தி போதும். காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் ஒவ்வொரு ஜன்னலருகிலும் ஏற்றி வைத்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். ஆகவே ஓர் ஊருக்குப் பொருந்தும் ஜன்னல் திட்டத்தை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. பக்கத்து வீட்டு மாடி அந்தக் காற்றை மறித்திருக்கவும் கூடும்; அதை ஊதுபத்திதான் சொல்லும்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று நினைத்து அங்கே நிழல் அமைப்பே இல்லாமல் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள். குளிர்நாட்டுப் புத்தகங்களில் அது சரி. நம் ஊரில் சரியல்ல. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடு உச்சிக்கு வருகிறது; ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. மதுரைக்கும் தெற்கே போனால் அந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் நிழல் வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் அறைக்குள் நீளும். அது மழைக்கால ஈரத்தைக் காய வைக்கும் நல்ல வெயில்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் சாரல் அடிக்கிறது, தளத்தில் எங்கே ஈரக்கறை படர்கிறது என்பவை. எல்லாவற்றையும் வீட்டின் ஒரு சாதாரண வரைபடத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பொறியாளரிடம் கொடுக்க இதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை.

2. கட்டடத்தின் உடல்நிலை

எந்தச் சுவரையும் உடைப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எடையைத் தாங்குவது சுவர்களா, தூண்களும் பீம்களுமா? அந்தக் காலத்து ஒற்றை மாடி வீடுகளில் பெரும்பாலும் சுவர்களே எடையைத் தாங்குகின்றன. அப்படிப்பட்ட சுவரை மேஸ்திரியின் வாய்வார்த்தையை நம்பி எடுக்கக் கூடாது.

குளியலறை மேல்தளத்திலும் சன்ஷேடுகளின் அடியிலும் கான்கிரீட் சில்லு சில்லாக உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீரும் காற்றும் புகுந்து கம்பி துருப்பிடித்தால் அது பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். அதன்மேல் பூசி வர்ணம் அடிப்பது வீண் செலவு. உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவை நீக்கி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகே மூட வேண்டும். தளம் முழுக்க இந்த நிலை இருந்தால் மட்டும், புதுப்பிப்பதா இடிப்பதா என்ற கேள்விக்கு மறுபடி வாருங்கள்.

கட்டமைப்பில் மாற்றம் செய்வதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவைப்படும். அதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்து முடித்துவிடுங்கள்.

3. மொட்டைமாடி

கையில் பணம் குறைவாக இருந்து ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலை முதல் மாலை வரை வெயிலை வாங்குவது தளம்தான். பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் அறைக்குள் இறக்குவதும் அதுதான்.

நம் ஊரில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புவார்கள். பின்னர் மரக்கட்டைகளால் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை அவ்வப்போது தெளித்தபடி, ஜல்லி இறுகிக் கட்டை எகிறும் வரை நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன்மேல் தட்டோடு பதித்து இடுக்குகளை அடைப்பார்கள். செங்கல் ஜல்லிக்குள் இருக்கும் நுண்துளைகளில் காற்று தங்குவதால் சூடு மெதுவாகவே கீழிறங்கும். சுண்ணாம்பு சிமெண்டைப்போல விறைப்பானதல்ல. தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது கொஞ்சம் இணங்கிப்போகும். இன்று பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து, தட்டுகிற வேலையையே விட்டுவிடுகிறார்கள். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் பழைய முறையையே கேளுங்கள்.

இதன் எடை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஆகவே ஏற்கெனவே இருக்கும் பழைய அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கைப் போடாதீர்கள். பழையதைக் கவனமாக எடுத்துவிட்டே புதியதைப் போட வேண்டும். நீர் வடிகாலை நோக்கி ஓடும்படி சரிவு இருக்க வேண்டும்; அறுபதடிக்கு ஓரடி இறக்கம் போதும். பழைய அடுக்கு நல்ல நிலையில் இருந்தால் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சோ, உடைந்த வெள்ளை ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பதோ போதுமானது. பூச்சு அழுக்கேறினால் பயன் குறையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவ வேண்டும்.

மாடித் தோட்டம் போட விரும்புவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் கூடுதல் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். நனைந்த மண் ஓரடி உயரத்துக்கு நிரப்பினால் அதே பரப்பில் 500 கிலோவைத் தாண்டும். தளம் முழுக்க மண் பரப்புவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவே வேண்டாம். தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் அதிகமாகக் கலந்த பைகளைச் சுவர்களுக்கு நேர் மேலே, ஓரங்களில் மட்டும் வையுங்கள். அங்கிருந்து பீர்க்கன், பாகல், கோவை, அவரைக் கொடிகளைப் பந்தலில் ஏற்றிவிடலாம். தளத்தின் நடுவில் எடை இருக்காது. நிழல் மட்டும் விழும். கூரைக்கும் பந்தலுக்கும் நடுவே காற்று ஓடுவதால், மாடியை நேராக மூடும் தகரக் கொட்டகையைவிட இது எவ்வளவோ மேல்.

4. மேற்குச் சுவர்

மாலை வெயில் தாழ்வாக, நேராக வந்து அறைவதால் சன்ஷேடு இங்கே உதவாது. நின்ற நிலையில் ஒரு மறைப்பு வேண்டும். இடமிருந்தால் மூன்றடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம். இல்லாவிட்டால் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிச் சட்டம் நட்டு, ரங்கூன் மல்லியையோ கொடிசம்பங்கியையோ ஏற்றிவிடுங்கள். அந்த ஓரடி இடைவெளியை விட்டுவிடாதீர்கள். சுவரோடு ஒட்டிப் படரும் கொடி ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூச்சுக்குள் வேர்விடும்.

அறைகளை மாற்றியமைக்க வாய்ப்பிருந்தால் மாடிப்படி, சாமான் அறை, குளியலறை ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். படுக்கையறை மேற்கில் சிக்கியிருந்தால் அதைக் கிழக்குக்கு மாற்றுவதுதான் குளிர்சாதனத்தைவிட நல்ல தீர்வு.

5. காற்றுக்கு வாசல்

பழைய வீடுகளில் ஜன்னல் இருக்கிறது, காற்று இல்லை. நுழைய வழி இருந்தும் வெளியேற வழி இல்லாததே காரணம். ஊதுபத்தி காட்டிய திசையில் ஒரு திறப்பும் அதற்கு எதிர்ச்சுவரில் இன்னொன்றும் வேண்டும். உட்கார்ந்திருப்பவரின், படுத்திருப்பவரின் மேல் காற்று படும்படி நுழைவுத் திறப்பு தாழ்வாக இருக்கட்டும். வெளியேறும் திறப்பு உயரமாக, தளத்தை ஒட்டி இருந்தால் மேலே தேங்கும் சூடான காற்றும் போய்விடும். அந்தக் காலத்தில் அந்த உயரத்தில் வைத்த வென்டிலேட்டர்களை நாமே அட்டை வைத்து அடைத்தோம். முதலில் அவற்றைத் திறந்துவிடுங்கள்.

எடையைத் தாங்கும் சுவரில் புதிய ஜன்னல் வைக்கும்போது மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். ஒரு சுவரின் நீளத்தில் பாதிக்கு மேல் திறப்பு வேண்டாம். திறப்புக்கு மேலே எடையைத் தாங்கும் லிண்டல் இருபுறமும் ஒன்பது அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும்.

கொசுவலை இல்லாமல் நம் ஊரில் ஜன்னலைத் திறக்க முடியாது; ஆனால் வலை காற்றைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆகவே வலையைக் கணக்கில் கொண்டு ஜன்னலைப் பெரிதாக்குங்கள். படிக்கட்டுச் சுவர், சமையலறைப் பின்கட்டு போன்ற இடங்களில் செங்கலையே இடைவெளி விட்டு அடுக்கிய சாளரச் சுவர் நன்றாகப் பொருந்தும். திருவனந்தபுரத்தை இருப்பிடமாகக் கொண்டு கேரளமெங்கும் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதை வீடு வீடாகச் செய்து காட்டினார். ஜன்னலும் கம்பியும் கண்ணாடியும் தனித்தனியே வாங்காமல் வெளிச்சம், காற்று, பாதுகாப்பு மூன்றும் அந்தச் செங்கல் சுவரிலேயே கிடைத்துவிடுகின்றன.

6. முற்றம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மிக அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுதான்.

சிறிய மனையில் முற்றத்துக்கு இடமேது என்பார்கள். கொழும்பில், நெருக்கமான நகரப் பகுதியில், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு அதற்கு நல்ல பதில். வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு, மதிலுக்குள் நடுமுற்றத்தைச் சுற்றி எல்லா அறைகளையும் திருப்பினார். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நகரத்துச் சிறு மனையிலும் அது செல்லும் என்பதை அந்த வீடு உறுதிப்படுத்தியது.

உங்கள் வீட்டில் தளத்தை வெட்டாமலே முற்றம் பெறமுடியுமா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தடி இருந்தால் போதும். அந்தப் பக்கத்து ஜன்னலைக் கதவாக்கி, சிமெண்டை எடுத்துவிட்டு, மதிலைக் கொஞ்சம் உயர்த்தினால் கூடத்தை ஒட்டிய முற்றம் தயார்.

தளத்தை வெட்டியே ஆக வேண்டும் என்றால், நடுவில் இருண்டு கிடக்கும் சாப்பாட்டு அறைதான் பொருத்தமான இடம். எட்டுக்கு எட்டடி போதும். தளத்துக்குள் முக்கியக் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பொறியாளர் கண்டறிந்த பிறகு, திறப்பின் ஓரங்களுக்குப் புதிய பீம் அமைத்து, கீழே முட்டுக் கொடுத்து, அதன் பின்னரே வெட்ட வேண்டும். சம்மட்டியால் உடைக்க விடாதீர்கள். அதிர்வில் மிச்சத் தளமும் விரிசல் விடும். வைர விளிம்பு கொண்ட அறுப்பு இயந்திரத்தால் துண்டு துண்டாக அறுத்து இறக்கச் சொல்லுங்கள்.

பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த எட்டடிச் சதுரத்தில் விழுவது அறுநூறு லிட்டர். அதைச் சமாளிப்பது எளிது. சுற்றியுள்ள தளத்து நீரும் அதில் கொட்டினால்தான் வீட்டுக்குள் வெள்ளம் வரும். ஆகவே திறப்பைச் சுற்றி ஒன்பது அங்குலக் கட்டை எழுப்பித் தளத்து நீரை வெளியே திருப்புங்கள். முற்றத்தின் தரை அறைத் தரையைவிட ஆறு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். வடிகால் இரண்டு வையுங்கள். ஒன்றை இலை அடைத்தால் மற்றது காப்பாற்றும். தரைக்குக் கொத்திய கருங்கல்லே நல்லது. மெருகேற்றிய கடப்பாவும் பளபளக்கும் ஓடும் நனைந்தால் வீட்டுப் பெரியவர்களின் இடுப்பெலும்பை முறித்துவிடும்.

மழைக்குப் பயந்து மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிட்டால் முற்றம் அன்றோடு முடிந்தது. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சாரல் உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் தகட்டைத் தளத்திலிருந்து ஒன்றரையடி உயர்த்தி நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். திருட்டுக்கும் குரங்குக்கும் இரும்புக் கிராதி போதும். அருகே ஊஞ்சலோ அகலமான ஒரு கட்டைச்சுவரோ அமைத்தால் பிள்ளைகள் பாடம் படிப்பதும் பாட்டி கீரை ஆய்வதும் தானாக அங்கே வந்து சேரும்.

7. தரையும் பூச்சும்

ஆத்தங்குடி ஓடு, சிவப்பு ஆக்ஸைடு தரை, சுண்ணாம்புப் பூச்சு மூன்றும் நம் வெயிலுக்கு ஏற்றவை. சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள். சுவர் ஈரத்தை வெளிவிட முடியாமல் உப்புப் பூத்து உரியும். அடிக்கும் வெயிலில் சுண்ணாம்பு வேகமாக உலர்ந்து வெடிக்கும் என்பதால் இந்த வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் பணமில்லை என்றால் இந்தப் படியைத் தயங்காமல் விட்டுவிடலாம். இருக்கும் மொசைக் தரையை மெருகேற்றினாலே போதும்.

8. மண்ணைத் திறப்பது, மழையை இறக்குவது

வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்ட் தரையை எடுத்துவிடுங்கள். பகலில் சூடேறி ஜன்னல் வழியே அனலடிப்பதும் அதுதான், மழைநீரைத் தெருவுக்கு விரட்டுவதும் அதுதான். வண்டி நிற்கும் இடத்தில் இரண்டு பட்டை மட்டும் கல் பதித்தால் போதும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சரளைக்கல் பரப்பி, நீர் சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். கரையானையும் பாம்பையும் சட்டெனக் கண்டுபிடிக்க அந்தத் திறந்த பட்டை உதவும்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் அது குழாயோடு நின்றுவிட்டது. 1,200 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1,100 லிட்டர் கிடைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் சென்னையில் அது ஒன்றரை லட்சம் லிட்டர். பழைய கிணறு இருந்தால் அதை மூடாதீர்கள்; முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றிவிட்டு மீதியை மணல், கூழாங்கல் வடிகட்டி வழியே கிணற்றில் இறக்குங்கள். மணற்பாங்கான மண்ணில் செங்கல் துண்டும் கூழாங்கல்லும் நிரப்பிய உறிஞ்சு குழியே போதும். களிமண்ணில் குழி நிரம்பி நிற்கும். அங்கே குழிக்குள் துளையிட்டு கீழுள்ள மணல் அடுக்கு வரை குழாய் இறக்க வேண்டும்.

குளித்த நீரும் துணி துவைத்த நீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். எண்ணெய்ப் பிசுக்கு கலந்த சமையலறை நீரை அதில் சேர்க்காதீர்கள். தொட்டி, குளம் எதுவானாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். மூடி வைக்க முடியாததில் கப்பி மீன் விடுங்கள்.

9. மரம்

இவ்வளவும் முடிந்த பிறகே மரம். பெரிய மரத்துக்கு வீட்டிலிருந்து பதினைந்தடியாவது வேண்டும். ஒரு கிரவுண்டு மனையில் அதற்குத் தெருப்பக்க மூலை ஒன்றுதான் தேறும். அங்கே புங்கனோ வேம்போ நடுங்கள். கோடை முற்றும் முன்பே புதுத்தளிர் விட்டு அடர்ந்த நிழல் தருவதில் புங்கனுக்கு ஈடில்லை. அரசும் ஆலும் மனைக்குள் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அழகுக்காக அவற்றை வீட்டருகே நட வேண்டாம்.

சுவரிலிருந்து ஐந்தாறு அடியில் மாதுளை, சீதா, பவளமல்லி, கறிவேப்பிலை, நந்தியாவட்டை போன்றவை நன்றாக வளரும். முருங்கைக்குக் கிளை முறியும் குணம் உண்டு. ஓட்டுச் சாய்ப்பின் மேலோ வண்டி நிற்கும் இடத்தின் மேலோ அது நீளக் கூடாது. செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டு வரும்.

10. மாத வரிசை

பங்குனி தொடங்கிக் கார்த்திகை வரை கவனிப்பு, பொறியாளர் ஆய்வு, அனுமதி. மழை ஓய்ந்த மார்கழிக்குப் பிறகு தளம் வெட்டுதல், ஜன்னல் திறப்பு. தை, மாசியில் மொட்டைமாடியும் பூச்சும். சித்திரை வெயில் ஏறும் முன் தளத்து வேலை முடிந்திருக்க வேண்டும். வைகாசி, ஆனியில் சிமெண்டை எடுத்து, உறிஞ்சு குழி தோண்டலாம். ஆடிப்பட்டத்தில் விதையும் கன்றும் மண்ணுக்குப் போகட்டும். வடகிழக்குப் பருவமழை அவற்றைப் பிடித்து வளர்த்துவிடும்.

ஒப்பந்தத்தைச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாகக் கொடுக்காமல், வேலைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். புதுப்பிக்கும் வேலையில் சுவரைத் திறந்த பிறகுதான் பல விஷயங்கள் தெரியவரும். எதிர்பாராத செலவுக்கென மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக் கடைசியில் மொட்டைமாடி வடிகாலையும் முற்றத்து வடிகால் இரண்டையும் வடிகட்டி மணலையும் சுத்தம் செய்வதை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.